பாடாலூருக்கு அனுப்பிய மெயில்

ஒரே கிளிக்கில் ஒரு லட்சம் பேருக்கு மெயில் போகும் என்று திருச்சிக்காரர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கடையில் சம்பளத்துக்கு இருக்கிற பெண் அப்படிச் சிரிக்கக் கூடாதுதான். சிரித்தேன்.

"என்ன மேடம், ஜோக்கா?" என்றார். லேப்டாப்பை முதலாளி மேசை மேல் விரித்து வைத்திருந்தார்.

"அந்த ஒரு லட்சம் பேரு யாரு சார்?"

"எல்லாம் ஃபார்மர்ஸ். தமிழ்நாடு ஃபுல்லா. டேட்டா நம்மகிட்ட ரெடி."

"அவங்க யாராச்சும் உங்ககிட்ட மெயில் கேட்டாங்களா?"

அவர் என்னை விட்டுவிட்டு முதலாளி நசீருதீன் பாயைப் பார்த்தார். கடையில் கேள்வி கேட்பது பெண்ணாக இருந்தால் பதில் பக்கத்தில் இருக்கும் ஆணுக்குப் போகும். எனக்கு இது பழக்கம். பழகியும் எரியும்.

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் இருக்கிறது பாயின் கடை. களை எடுக்கும் பவர் வீடர், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், புல்வெட்டும் மெஷின் எல்லாம் விற்கிறோம். பில் போடுவதும், விற்ற வண்டியை கம்பெனி சைட்டில் வாரண்டிக்குப் பதிவு செய்வதும் என் வேலை. பைபாஸில் கண்ணாடி போட்ட புது ஷோரூம் ஒன்று வந்ததிலிருந்து எங்கள் பழைய கஸ்டமர்கள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. இலவச சர்வீஸுக்குக்கூட வருவதில்லை. வண்டி நின்று போனால் மட்டும் ஊர் முழுக்க எங்கள் கடையைத் திட்டுகிறார்கள். பாயின் தங்கை மகன் வாசிம் சென்னையில் எம்பிஏ முடித்துவிட்டு வந்து, இதற்கெல்லாம் மருந்து ஈமெயில் மார்க்கெட்டிங்தான் என்று சொல்லி இந்தத் திருச்சிக்காரரைக் கூட்டி வந்திருந்தான். ஒரு வருட ஒப்பந்தம். பாய் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

"பாய், ஒரு நிமிஷம்," என்றேன். "மெயில் அனுப்பித் தர்ற சர்வீஸ்ல ரகம் இருக்கு. இவரு சொல்றது, முன்னபின்ன தெரியாதவன் அட்ரஸ வாங்கி மொத்தமாக் கொட்டுறது. அதுல நாலு பேரு குப்பைன்னு அழுத்துனாப் போதும், அப்பறம் நம்ம கடை பேருல எது போனாலும் குப்பைக்கேதான் போவும். இன்னொரு ரகம், நம்ம கஸ்டமருக்கு மட்டும் மாசாமாசம் ஆஃபர் நோட்டீஸ் அனுப்புறது. துணிக்கடைக்கு அது சரி. பவர் வீடர் வாங்குனவன் மாசாமாசமா பவர் வீடர் வாங்குவான்?"

பாய் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நமக்கு எது?"

"அவனவன் வண்டி வாங்குன தேதிய வச்சு, சர்வீஸ் நெருங்குறப்ப, அவன் பேரு போட்டு, அவனுக்கு மட்டும் தானாப் போற மாதிரி ஒண்ணு இருக்கு. சின்னக் கடைக்குன்னே வச்சிருக்கான். அவன் பதில் எழுதுனா நமக்கு வரணும்."

"பதிலா?" என்றார் திருச்சிக்காரர். "மேடம், எல்லாக் கம்பெனியும் பதில் அனுப்ப முடியாத அட்ரஸ்லேருந்துதான் அனுப்பும். பதில் வந்தா யாரு உக்காந்து படிக்கிறது?"

"நான் படிப்பேன்."

"மாமா, மெயில்ல போயி வெத்தல பாக்கு வைக்கச் சொல்றாங்க," என்றான் வாசிம்.

"ஆமா, வைக்கத்தான் சொல்றேன். பாய், உங்க பொண்ணு இஃப்பத் கல்யாணத்துக்கு ஆட்டோவுல மைக்கக் கட்டியா சொந்தக்காரங்களக் கூப்புட்டீங்க?"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லெப்பைக்குடிக்காட்டுல ஒரு வூடு விடலம்மா. செருப்பு தேஞ்சு போச்சு." பிறகு திருச்சிக்காரரிடம், "தம்பி, அடுத்த சனிக்கிழம வாங்களேன். அதுக்குள்ள இந்தப் புள்ள சொல்றத ஒரு தடவ பாத்துடுறோம்," என்றார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "அதுக்குள்ள ஒரு வண்டிகூட சர்வீஸுக்கு வரலன்னா நானே நின்னுக்குறேன் பாய்," என்றேன்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றான் வாசிம்.

"வாயால சொன்னாப் பத்தாதா?"

வேலையைப் பணயம் வைப்பது எனக்கு விளையாட்டு கிடையாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அமாவாசை, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்கிறார். எனக்குத் தமிழ்மொழி என்று பெயர் வைத்தது அவர்தான். அவருடைய பெயரைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் பையன்கள் சிரித்த காலம் ஒன்று இருந்ததால், என் பெயரைச் சொன்னால் எவனும் சிரிக்கக் கூடாது என்று வைத்தார். அரியலூர் அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். திருச்சியில் ஒரு லோன் கம்பெனிக்காக போனில் மிரட்டும் வேலை கிடைத்தது. அழுத ஒரு அம்மாவிடம், "முடியலன்னா கட்டாதீங்க, உசுரா போயிடும்," என்றேன். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா அப்போதே சொல்லிவிட்டாள்: "அடுத்த வேலையும் உன் வாயால போச்சுன்னா ஜெயங்கொண்டத்துக்காரங்கள பொண்ணு பாக்க வரச் சொல்லிடுவேன். அப்பறம் எங்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது." அம்மா சொன்னால் செய்வாள். அவளிடமிருந்துதான் எனக்கு இந்தக் குணமே வந்தது.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தேன். நான் தேர்ந்தெடுத்த சர்வீஸில் சிறு கடைகளுக்கு முதலில் இலவசம். வாரண்டிப் பதிவில் ஈமெயில் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாவிட்டால் கம்பெனி சைட் அடுத்த பக்கத்துக்கு நகராது. அதனால் எல்லோருக்கும் ஏதோ ஒரு அட்ரஸ் இருந்தது. அவற்றில் மூன்றாவது இலவச சர்வீஸ் நெருங்கியவர்களை மட்டும் எடுத்தேன். வாசிம் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் ஒன்று எழுதித் தந்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு நான் தமிழில் எழுதினேன்.

'வணக்கம். பாடாலூர் கருப்பண்ணன் அவர்களுக்கு. உங்கள் பவர் வீடருக்கு மூன்றாவது இலவச சர்வீஸ் வந்துவிட்டது. வண்டியைக் கொண்டு வந்தால் மெக்கானிக் மாயவன் உங்கள் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பார். நாள் குறிக்கக் கீழே அழுத்துங்கள். இதற்குப் பதில் எழுதினால் நான் படிப்பேன். தமிழ்மொழி, நசீர் மெஷினரி.'

ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர், அவரவர் ஊர். அனுப்பினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிறு போனது. திங்கள் போனது. மெயிலைத் திறந்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்குக் காட்டியது. அதை நம்பக் கூடாது, மெஷினே திறந்து பார்த்துவிட்டுப் போகும். கீழே அழுத்தினால்தான் ஆள் நிச்சயம். அழுத்தியவர்களின் இடத்தைப் பெயரோடு உலக மேப்பில் புள்ளியாகக் காட்டும் பக்கம் ஒன்று இருந்தது. புதன்கிழமை அதில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் பெரம்பலூரில். ஆசையோடு பார்த்தால், அது சோதித்துப் பார்க்க நானே அழுத்தியது.

"மேடம், வெத்தல காஞ்சு போச்சு போல," என்றான் வாசிம்.

மாயவன் அண்ணன் பட்டறையில் சும்மா உட்கார்ந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா தமிழு, எம்பேர வேற போட்டுட்ட. எவனும் வரலன்னா எனக்குத்தானே அசிங்கம்?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பாயும் வாசிமும் ஜும்மாவுக்குப் போய்விட்டார்கள். மாயவன் அண்ணன் சாப்பிடப் போனார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று அந்த மேப்பைத் திறந்தேன்.

தோஹாவில் ஒரு புள்ளி இருந்தது.

அதற்குப் பக்கத்தில் தம்மாம். பிறகு குவைத். மஸ்கட், ஷார்ஜா. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜோகூரில் ஒன்று முளைத்தது. சிங்கப்பூரில் ஒன்று. இந்தியாவுக்குள் ஓசூர், திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர். பெரம்பலூரில் மட்டும் அதே என்னுடைய ஒற்றைப் புள்ளி.

முதலில் கோபம்தான் வந்தது. எவனோ உள்ளே புகுந்துவிட்டான், என் லிஸ்ட் திருட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். பாடாலூர் கருப்பண்ணனுக்கு அனுப்பியது தோஹாவில் எப்படி அழுத்தப்படும்? அரும்பாவூர் நல்லதம்பி தம்மாமில் என்ன செய்கிறார்?

அப்போது கடை மெயில் பெட்டியில் ஒரு பதில் வந்து விழுந்தது. அதற்கு மேல் இன்னொன்று. முதலாவதைத் திறந்தேன்.

'மேடம், நல்லதம்பி எங்கப்பா. அவருக்கு மெயில் கிடையாது, வண்டி வாங்குனப்ப என்னோடதக் குடுத்தாரு. நான் முத்துவேல், தம்மாம்ல இருக்கேன். பணம் மட்டும் அனுப்புனேன், அந்த வண்டி என்ன கலருன்னுகூட எனக்குத் தெரியாது. அப்பா சர்வீஸுக்கு வந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? அப்பாவும் தெரியுற மாதிரி.'

எனக்கு உறைத்தது. என் அப்பாவின் கேஸ் கனெக்‌ஷனுக்கு என் மெயில்தான். அவருடைய வேலை சம்பந்தப்பட்ட எல்லாப் பதிவுக்கும் என் மெயில்தான். 'அன்புள்ள அமாவாசை' என்று எனக்கு வாராவாரம் ஏதாவது வருகிறது. எங்கள் பக்கத்தில் மெயில் கட்டம் எதிரே வந்தால் பெற்றவர்கள் பிள்ளையின் அட்ரஸைத்தான் சொல்வார்கள். அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று கடையில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, டைப் மட்டும் அடித்தேன்.

அடுத்தது மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மஞ்சு. 'வண்டிய ஓட்டுறது எங்க அம்மா. சைலன்ஸர் சூடு கால்ல படுதுன்னு சொன்னாங்க. மறைப்பு ஏதாவது போட முடியுமா? அம்மா உங்ககிட்ட கேக்க மாட்டாங்க, கூச்சப்படுவாங்க.'

அதற்கடுத்தது தோஹா. பெயர் வீரமணி.

'அக்கா, கருப்பண்ணன் என் அப்பா. அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. மண்வெட்டி தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால இந்த வண்டி வாங்கிக் குடுத்தேன். போன்ல கேட்டா ஜோரா ஓடுதுன்னு சொல்றாரு. எனக்கு நம்பிக்கை இல்ல. வண்டி ஓடலன்னா அவரு கையால வெட்டிக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். வண்டி ஓடுதான்னு பாத்து எனக்கு எழுதுங்க. பதில் எழுதுனா படிப்பேன்னு போட்டிருந்தீங்க, அதான் எழுதுறேன்.'

நான் எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்து படிக்கத் தோன்றவில்லை. புள்ளிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சுரங்கத்திலிருந்து அப்பா ஒரு கல் கொண்டு வந்தார். உள்ளே ஒரு பெரிய நத்தைச் சங்கு, சுருள் சுருளாக, கல்லாகவே மாறிப்போய் இருந்தது. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம் என்றார். நாங்கள் வெயிலில் வெந்துகொண்டிருந்த அந்தத் தரையில் கடல். வாசலுக்குப் போய் மண்ணை மிதித்து மிதித்துப் பார்த்தேன். இப்போதும் அப்படித்தான் இருந்தது. பாடாலூர், அரும்பாவூர், குன்னம் என்று நான் டைப் அடித்த ஊர்களெல்லாம் எனக்குத் தெரியாமல் கடலைத் தாண்டி இத்தனை தூரம் பரந்து கிடந்திருக்கின்றன. ஒரு சர்வீஸ் நோட்டீஸ் அந்த ஊர்கள் முழுவதும் போய்த் தட்டிவிட்டு வந்திருக்கிறது.

ஷட்டர் மேலேறியது. தொப்பியை மடித்துக்கொண்டே பாய் உள்ளே வந்தார். பின்னால் வாசிம் மேப்பை எட்டிப் பார்த்தான். "மாமா, மேடத்தோட மெயிலு ஒட்டகத்துக்குப் போயிருக்கு!"

நகர்ந்து நின்று திரையைக் காட்டினேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். முத்துவேலை இரண்டு தடவை படித்தார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமையில்ல," என்றார். "அங்க லீவு. குளிச்சு, துணி தொவச்சுப் போட்டுட்டு இப்பத்தான் போனைக் கையில எடுப்பானுங்க. நான் குவைத்துல இருந்தப்ப இந்த நேரத்துக்குத்தான் எங்க வாப்பாவுக்குக் கடுதாசி எழுதுவேன்." கொஞ்ச நேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்தார். "சுபஹானல்லாஹ். இம்புட்டு பேரும் நம்ம கடை கஸ்டமருங்களா?"

"ஆமா பாய்."

"ஆனா மாமா, ஒரு வண்டியும் வரலையே," என்றான் வாசிம். குரலில் பழைய காரம் இல்லை. உண்மையைத்தான் சொன்னான். தோஹாவில் இருப்பவன் பவர் வீடரைத் தள்ளிக்கொண்டு வர முடியாது. கெடு நாளைக்கு.

எல்லோருக்கும் பதில் எழுதினேன். வண்டியைக் கொண்டு வந்தால்தான் பார்த்துச் சொல்ல முடியும் என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

சனிக்கிழமை காலை அரியலூர் பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். பெரம்பலூரில் இறங்கி நடந்தால், கடை வாசலில் கூட்டம். ஒரு குட்டி யானை டெம்போவிலிருந்து பவர் வீடரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு டிராக்டர் டிரெய்லர். வாசிம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களை வரிசைப்படுத்த முயன்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "மேடம், சீக்கிரம் வாங்க, என்னையப் புடிச்சுத் திட்டுறாங்க!" என்று கத்தினான்.

"எவ இங்க தமிழ்மொழி?" தலையில் துண்டு கட்டிய மெலிந்த ஆள் ஒருவர் முன்னால் வந்தார்.

"நான்தான்யா."

"நீதானா? எம்மவன்கிட்ட என்னாத்தச் சொன்ன? நேத்துலேருந்து போனப் போட்டு ஏறுறான். வண்டிய இன்னிக்கே கொண்டுபோயிக் காட்டலன்னா பிளைட்டப் புடிச்சு வந்துடுவேங்குறான்!"

"உங்க ஊரு?"

"பாடாலூரு. கருப்பண்ணன்."

"நான் உங்களுக்குத்தான்யா எழுதுனேன்."

"எனக்கு எதுக்குடி எழுதுற? நான் என்னாத்தப் படிக்கிறது?"

"டி போடாதீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோவம் வருதோ?"

"வரும்."

"என் மவளும் இப்புடித்தான் இருப்பா," என்று சொல்லிவிட்டு வண்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வரிசையில் இருந்த மற்ற அப்பாக்களுக்கும் இதே பாட்டுதான். ஒருவரை ஜோகூரிலிருந்து மருமகன் திட்டியிருந்தான். நல்லதம்பி சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வண்டியோடு போட்டோ எடுப்பார்கள் என்று மகன் சொல்லியிருக்கிறான். ஒரு அம்மா கணுக்காலில் சுட்ட தழும்பைச் சேலையால் மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். மஞ்சுவின் அம்மா என்று கேட்காமலே தெரிந்தது.

கருப்பண்ணனின் வண்டியை மாயவன் அண்ணன் பிரித்தார். "என்னய்யா இது, பெட்ரோல் காஞ்சு பிசினா ஒட்டிக் கெடக்கு. எத்தன நாளா நிறுத்தி வச்சிருக்க?"

கருப்பண்ணன் ரோட்டைப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஸ்டார்ட் பண்ற கயித்த இழுக்க முடியல பாப்பா. இழுத்தா நெஞ்சு புடிக்குது."

நெஞ்சுக்காக வாங்கிய வண்டி, நெஞ்சால் நின்று கிடந்தது. அவர் கையைப் பார்த்தேன். மண்வெட்டிக் காய்ப்பு புதிதாக இருந்தது.

"காஞ்ச பெட்ரோல வச்சுக்கிட்டு இழுத்தா யானைக்கே நெஞ்சு புடிக்கும்," என்றார் மாயவன் அண்ணன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, கயிற்றை மாற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றினார்.

"அவனுக்கு எழுது," என்றார் கருப்பண்ணன். "வண்டி ஜோரா ஓடுதுன்னு."

"ஓடலையேய்யா. பொய் எழுத மாட்டேன்."

"சரி, ஓட்டிட்டு எழுது."

அவரே கயிற்றைப் பிடித்தார். லேசாகத்தான் இழுத்தார். வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை; ஆனால் அவர் சிரித்ததைப் போட்டோ எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து திருச்சிக்காரர் லேப்டாப் பையோடு வந்து நின்றார். உள்ளே வர வழியில்லை. பாய் உள்ளே இருந்தே கையைக் கூப்பினார். "உக்கார எடமில்ல தம்பி, பாக்குறீங்கள்ல. எங்களுக்கு இந்தப் புள்ள எடுத்ததே போதும்." பிறகு என் பக்கம் திரும்பி, "தமிழ், திங்கக்கிழம செத்த சீக்கிரம் வாம்மா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். ஜெயங்கொண்டத்துக்காரர்கள் அங்கேயே இருக்கட்டும்.

வாசிம் கம்ப்யூட்டர் பக்கம் வந்தான். "மேடம், மெயில் கட்டத்துக்குக் கீழ இன்னொரு கட்டம் போட்டுருவோமா? இது யாரோட மெயில்னு. மகனா, மகளா, எந்த ஊருல இருக்காங்கன்னு. அங்க லீவு நாளாப் பாத்து அனுப்பலாம்ல?"

நல்ல யோசனை. அப்படியே சொன்னேன், நல்ல யோசனை என்று. அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

வீரமணிக்கு எழுதினேன். 'வண்டி ஓடவில்லை. இப்போது ஓடுகிறது. லேசாக இழுத்தாலே பிடிக்கிறது. போட்டோவைப் பார்க்கக் கீழே அழுத்துங்கள்.' கருப்பண்ணனை உள்ளே கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்து மேப்பைத் திறந்தேன்.

"என்னா பாப்பா இது?"

"பாருங்கய்யா."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தோஹாவில் புள்ளி விழுந்தது.

"அது உங்க மகன். இப்ப உங்க போட்டோவப் பாத்துக்கிட்டு இருக்காரு."

கருப்பண்ணன் விரலை நீட்டி அந்த இடத்தைத் தொட்டார். விரலுக்கடியில் ஒரு நாடே மறைந்துவிட்டது. விரலை அப்படியே இழுத்துக்கொண்டு நம் பக்கம் வந்தார், நீல நிறத்தின் மேல், மெதுவாக.

"இதெல்லாம் கடலா?"

"ஆமாங்கய்யா."

"இம்மாந்தூரமா?"

மறுபடி விரலைக் கொண்டுபோய்ப் புள்ளி மேல் வைத்தார். எடுக்கவில்லை. வெளியே வரிசை நின்றது. யாரும் அவரை எழுப்பச் சொல்லவில்லை. நானும் எழுப்பவில்லை.